‘த ஜெனரல்’: சிரித்தவர்களும் சிரியாதவர்களும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே சினிமாவைப் பற்றி, அதுவும் பேசாத சினிமாவைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் ஒருவன் வந்திருப்பது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். மெய்ப்பாட்டியல் கற்பிக்கப் போன இடத்திலேதான் இந்தப் படம் எனக்குத் தேவைப்பட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உயர்தர வகுப்பு மாணவர்கள் தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளையும் தலைகீழாக ஒப்புவிப்பார்கள். அவற்றுள் முதலாவது நகை. அது பேதைமை, மடன், எள்ளல், இளமை ஆகிய நான்கின் அடியாகப் பிறக்கும் என்பதையும் மூச்சுவிடாமற் சொல்வார்கள். “சரி, மடன் காரணமாகப் பிறந்த நகைக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கோ” என்று கேட்டால் வகுப்பு ஊமையாகிவிடும். மெய்ப்பாடு என்பது மெய்யிலே படுவது, உடம்பிலே தெரிவது. உடம்பைத் தவிர வேறு கருவியே இல்லாத ஒரு நடிகனைக் காட்டினால் பிள்ளைகளுக்கு விளங்கும் என்று நினைத்தேன். பஸ்ரர் கீற்றன் கதாநாயகனாக நடித்து, கிளைட் புறுக்மனுடன் சேர்ந்து இயக்கிய ‘த ஜெனரல்’ என்னும் சாகச நகைச்சுவைப் படம் எங்கள் கல்லூரி மண்டபத்துக்கு வந்தது இவ்வாறுதான். அது 1926 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட படம். இடையிடையே வரும் எழுத்துகளை நான் தமிழிற் சொல்லிக்கொண்டிருந்தேன். மாணவர் நாற்பது பேர்வரை, ஆசிரியர் சிலர், எங்கள் அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற புகையிரதச் சாரதி ஒருவர், இவர்களே பார்வையாளர்.

கதை சின்னது. 1861 இலே அமெரிக்க உள்நாட்டு யுத்தம் வெடிக்கிறது. தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தில் ஜொனி கிறே என்றொரு புகையிரதச் சாரதி. அவனுக்கு இரண்டு காதல். ஒன்று ‘ஜெனரல்’ என்ற எஞ்சின், மற்றது அனபெல் லீ என்ற பெண். படையிற் சேர முண்டியடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போகிறான். அவன் சாரதியாக இருப்பதே தெற்குக்குப் பயன் என்று பதிவு செய்பவர்கள் அவனை விலக்கிவிடுகிறார்கள். காரணத்தை மட்டும் அவனுக்குச் சொல்வதில்லை. அவன் கோழை என்று எண்ணிய அனபெல், சீருடையோடு வந்தாற்றான் இனிப் பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஓராண்டு கழிகிறது. வடக்கின் உளவாளிகள் அந்த எஞ்சினைக் கடத்துகிறார்கள். தற்செயலாக அனபெல்லும் அதில் அகப்பட்டுவிடுகிறாள். ஜொனி காலால் ஓடுகிறான், தண்டவாளத்துக் கைவண்டியைத் தள்ளுகிறான், சைக்கிள் மிதிக்கிறான், கடைசியில் இன்னோர் எஞ்சினில் ஏறித் துரத்துகிறான். போகும்போது அவன் துரத்துகிறான், திரும்பும்போது அவனைத் துரத்துகிறார்கள். ஒன்றேகால் மணித்தியாலப் படத்தின் பெரும்பகுதி இதுதான்.

இது முழுக்கக் கற்பனையுமல்ல. 1862 ஏப்ரல் 12 ஆம் திகதி, வடக்கின் ஆட்கள் சிலர் ஜேம்ஸ் அன்ட்றூஸ் என்பவரின் தலைமையில் ஜோர்ஜியாவிலுள்ள ‘பிக் ஷான்ரி’ என்ற நிலையத்தில் வைத்து, பயணிகள் காலை உணவுக்கு இறங்கிய நேரம் பார்த்து, ‘ஜெனரல்’ எஞ்சினைக் கடத்திச் சென்றது வரலாறு. பாலங்களை எரித்துத் தெற்கின் விநியோகப் பாதையை அறுப்பது அவர்களின் நோக்கம். அந்த வண்டியின் நடத்துநர் வில்லியம் புல்லர் காலால் ஓடித் துரத்தத் தொடங்கியதும் உண்மையே. எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றது. அகப்பட்டவர்களுள் அன்ட்றூசும் வேறு ஏழு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். தப்பிப் பிழைத்த வில்லியம் பிற்றெஞ்சர் எழுதிய நூலே கீற்றனின் படத்துக்கு மூலம். ஆகவே மூலநூல் கடத்தியவர் பக்கம் நின்று எழுதப்பட்டது, படமோ துரத்தியவன் பக்கம் நின்று எடுக்கப்பட்டது. தூக்குமரம் படத்தில் இல்லை. இந்த இடமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வருகிறேன்.

எங்கள் மண்டபத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டும். தொடக்கத்திற் பிள்ளைகளிடம் அவ்வளவு உற்சாகம் இருக்கவில்லை. கறுப்பு வெள்ளை, பேச்சு இல்லை, சிரிக்கவே சிரிக்காத கதாநாயகன். பின்வரிசையில் இருவர் நித்திரைக்கு ஆயத்தமானார்கள். காதலி போய்விட்டாளே என்று ஜொனி எஞ்சினின் சில்லுகளை இணைக்கும் இரும்புத்தண்டிலே குந்தியிருக்கிறான். அவனறியாமல் எஞ்சின் நகர்கிறது, தண்டு அவனை மேலும் கீழும் தூக்கி இறக்கிக்கொண்டு போகிறது. அப்போது ஒரு சின்னச் சிரிப்பு எழுந்தது. பிறகு தண்டவாளத்தின் குறுக்கே எதிரிகள் போட்டுவிட்டுப் போன சிலிப்பர் கட்டைகள் வருகின்றன. ஜொனி எஞ்சினின் முன்தட்டிலே ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்தபடி இருக்கிறான், எதிரே இன்னொரு கட்டை. கையிலிருப்பதை ஓங்கி மற்றதன் நுனியிலே போட, இரண்டும் துள்ளி வெளியே விழுகின்றன. மண்டபம் கைதட்டியது. நித்திரைக்காரர் இருவரும் எழும்பிவிட்டார்கள்.

நான் தேடிப்போன உதாரணம் அதற்குப் பின்னர் கிடைத்தது. ஜொனி எஞ்சினுக்கு விறகு தறித்துக்கொண்டிருக்கிறான். குனிந்த தலை நிமிரவில்லை. அவனுக்குப் பின்னால் தெற்கின் படை முழுவதும் பின்வாங்கி ஓடுகிறது. அதன் பின் வடக்கின் படை முன்னேறி வருகிறது. ஒரு நாட்டின் தலைவிதியே அவன் முதுகுப் பக்கத்தால் மாறிப்போகிறது, அவனோ விறகு தறிக்கிறான். மடன் என்பதற்கு, கற்பிக்கப்பட்டதைப் பற்றிக்கொண்டு பின் விடாதிருத்தல் என்று உரைகாரர் பொருள் கூறுவர். அறியாமையாகிய பேதைமையிலிருந்து அது வேறு. ஜொனி முட்டாளல்லன், எஞ்சினைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அந்த ஒன்றையே பற்றிக்கொண்டு உலகத்தை மறந்தவன். படத்தை நிறுத்திவிட்டு இதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை. சிரிப்பின் நடுவிலே இலக்கணம் சொல்லும் வாத்தியாரைப் போல் வேறொரு தொல்லை கிடையாது.

பின்பு இறுதிச் சண்டை வந்தது. ஆற்றங்கரையிலே பீரங்கிக்குப் பக்கத்தில் ஜொனி நிற்கிறான். சீருடை ஒன்றும் அகப்பட்டுவிட்டதால் வாளை வீசி வீசிக் கட்டளையிடுகிறான். மறைந்திருக்கும் எதிரி ஒருவன் பீரங்கியாளர்களை ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்துகிறான். ஏன் விழுகிறார்கள் என்று ஜொனிக்கு விளங்கவில்லை. அடுத்தவனைத் திரும்பிப் பார்த்தால் அவனும் விழுகிறான். கடைசியில் ஜொனி வாளை வீச, அலகு பிடியை விட்டுக் கழன்று பறந்துபோய் அந்த மறைந்திருந்தவன் முதுகிலே பாய்கிறது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னுடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுந்து வெளியே போனார்.

அவர் என் வயதுக்காரர். 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்த சனத்திரளிலே அவரும் ஒருவர், நானும் ஒருவன். படம் முடிந்தபின், “ரீச்சர், கோபமோ?” என்று கேட்டேன். “இல்லை சேர். பிள்ளையள் சிரிச்சதிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த இடத்திலை எனக்குச் சிரிப்பு வரேல்லை, அவ்வளவுதான்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பதிலைக் கேட்டதும் நான் வாசித்திருந்த ஒரு பழைய விமர்சனம் நினைவுக்கு வந்தது. இந்தப் படம் 1926 ஆம் ஆண்டின் கடைசி நாளில் ரோக்கியோவிலும், 1927 பெப்ரவரியில் நியூயோர்க்கிலும் திரையிடப்பட்டது. பெரிய தோல்வி. ஏறத்தாழ ஏழரை இலட்சம் டொலர் செலவழித்த படம் அமெரிக்காவிலே ஐந்து இலட்சத்தைக்கூட ஈட்டவில்லை. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை விமர்சகர், கீற்றனின் முந்திய படங்களுக்கு இது ஈடாகாது என்றார். ‘வறையற்றி’ என்ற தொழிற்பத்திரிகையோ சிரிப்பே இல்லாத படம் என்று தள்ளிவிட்டது. இவையெல்லாம் எந்தப் படத்துக்கும் எவரும் எழுதக்கூடியவை. நான் நினைத்துப் பார்த்தது அக்காலத்து ‘லைப்’ என்ற நகைச்சுவைச் சஞ்சிகையில் றொபேட் ஷேர்வூட் எழுதியதை. யுத்தத்திலே மனிதர் கொல்லப்படுவதைக் காட்டிச் சிரிப்பூட்டுவது எளிதல்ல, இதைக் கீற்றனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அமெரிக்காவில் பின்னர் புகழ்பெற்ற நாடகாசிரியராக விளங்கிய ஷேர்வூட், முதலாம் உலக யுத்தத்திலே கனேடியப் படையிற் சேர்ந்து போராடிக் காயமடைந்தவர். அந்த யுத்தம் முடிந்து எட்டு ஆண்டுகளே சென்றிருந்தன. கீற்றனும் 1918 இலே அமெரிக்கப் படையாளாகப் பிரான்சுக்குப் போனவர்தான். ஆனால் முன்னரங்கிலே நிற்கும் நிலை அவருக்கு வரவில்லை. காதில் வந்த நோயால் கேள்விப்புலன் குன்றித் திரும்பினார். ஒருவருக்கு யுத்தம் உடம்பிலே பட்ட காயம், மற்றவருக்கு அது தூரத்துச் சத்தம் என்று சொல்ல எனக்கு ஆசை வருகிறது. அப்படிச் சொல்வது கீற்றனுக்கு முற்றிலும் நியாயமாகாது என்பதும் தெரிகிறது.

இப்படத்தின் பிற்கால வரலாற்றைப் பலர் ஒரு நீதிக்கதை போலச் சொல்வார்கள். அறியாத சனம் அன்று தள்ளியது, அறிந்தவர் பின்னர் கொண்டாடினர் என்பார்கள். நிகழ்ச்சிகளும் ஓரளவு அப்படித்தான் இருக்கின்றன. தோல்விக்குப் பின் கீற்றனின் சுதந்திரம் சுருங்கியது. 1928 இலே எம்.ஜி.எம். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார், அதுவே தம் வாழ்வின் பெருந்தவறு என்று பின்னாளிற் சொன்னார். 1949 இலே ஜேம்ஸ் ஏஜி எழுதிய கட்டுரை மௌனப் பட நகைச்சுவையாளர்மீது மீண்டும் கவனத்தைத் திருப்பியது. அதை வெளியிட்டதும் ‘லைப்’ என்ற பெயருடைய சஞ்சிகையே. பெயர் ஒன்று, ஆள் வேறு. 1972 இலும் 1982 இலும் ‘சைற் அன்ட் சவுண்ட்’ சஞ்சிகை உலக விமர்சகரிடையே நடத்திய கணிப்பில் ‘த ஜெனரல்’ முதற் பத்துக்குள் இடம்பெற்றது. கீற்றன் 1966 இலேயே மறைந்துவிட்டார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 1998 இலே வெளியிட்ட சிறந்த நூறு படங்களின் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. அதே நிறுவனம் 2007 இலே வெளியிட்ட பட்டியலில் பதினெட்டாம் இடம். ‘சைற் அன்ட் சவுண்ட்’ கணிப்பில் 2022 இலே தொண்ணூற்றைந்தாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. படம் மாறவில்லை, பார்ப்பவர்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒரு சாரார் இப்போது எழுப்பும் ஆட்சேபம் ஷேர்வூட்டின் ஆட்சேபம் அன்று. இந்தக் கதாநாயகன் யார் பக்கம் என்று அவர்கள் கேட்கிறார்கள். யுத்தத்துக்கு முந்திய 1860 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஜோர்ஜியாவில் நாலரை இலட்சத்துக்கும் அதிகமானோர் அடிமைகளாக இருந்தனர். மாநிலத்தின் சனத்தொகையில் ஏறக்குறைய பாதி. அந்த அடிமை முறையைக் காக்க எழுந்த படையின் சீருடையைத்தான் ஜொனி வேண்டி நிற்கிறான். படம் அதைப்பற்றி மூச்சும் விடுவதில்லை.

ஏன் பக்கம் மாற்றினார் என்பதற்குக் கீற்றன் சொன்ன காரணம் எளியது. தெற்கைத் தீயவராகக் காட்டினால் பார்வையாளர் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. அதாவது, தோற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சனம் விரும்பாது என்று ஒரு நகைச்சுவைக்காரர் கணக்கிட்டார். இந்த இடத்திலே எனக்கு எங்கள் பரணி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கலிங்கத்துப்பரணியிலே செயங்கொண்டார் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழடுவதைப் பாடுகிறார். அதைப் படித்துச் சிரிக்காத மாணவனை நான் கண்டதில்லை, நானும் சிரித்தவனே. ஷேர்வூட் அதை வாசித்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ! ஆனால் பரணி தோற்ற நாட்டின் பெயரைத் தாங்கி வென்றவனைப் பாடுவது. கலிங்கர் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து அந்தக் கூழைப்பற்றி என்ன நினைத்தார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. கீற்றன் இதற்கு எதிர்த்திசையிற் போனார். தோற்றவரிடமிருந்து ஒருவனைக் கதாநாயகனாக எடுத்தார். அதற்காக அவர்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதை மறைக்க நேர்ந்தது. இரண்டிலுமே சிரிப்புக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. யார் கொடுத்தார்கள் என்பதுதான் வேறு.

என் கருத்து என்னவென்று மாணவர்கள் கேட்டார்கள், அதை இங்கும் சொல்லவேண்டும். ஷேர்வூட் படம் முழுவதைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் நான் அவரோடு உடன்படவில்லை. விறகு தறிக்கும் காட்சியிலே யுத்தம் சிரிப்புக்குரிய பொருளாகவில்லை. யுத்தத்தைக் கவனியாத மனிதனே அங்கு நகைக்கு இடமாகிறான். தன் தொழிலைத் தவிர வேறொன்றுமறியாத மனிதனின் தலைக்குமேலே யுத்தங்கள் போய்க்கொண்டிருப்பதை நாங்கள் பார்த்தவர்கள். எறிகணை விழுந்துகொண்டிருக்கையில் மாட்டுக்கு வைக்கோல் போடப் போன கிழவர்கள் எங்கள் ஊரிலே இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பின்னர் கதைத்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலே அவர்களுக்கு அவமதிப்பு இருக்கவில்லை. பீரங்கியாளர்கள் விழும் காட்சியைப் பற்றி ஷேர்வூட் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அங்கே விழுபவர்களுக்கு முகமே இல்லை. ஜொனியின் திகைப்புக்குத் தாளம் போடுவதற்காக அவர்கள் விழுகிறார்கள். நகைக்குரிய நான்கு நிலைக்களன்களில் எதையும் அங்கு என்னால் காணமுடியவில்லை. நான் தனியாக முதன்முறை பார்த்தபோது அந்த இடத்திற் சிரித்தேன் என்பதையும் மறைக்கமாட்டேன். பிள்ளைகளோடு இருந்து பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. இப்படம் ஒறிகன் மாநிலத்தில் கொற்றேஜ் குறோவ் என்ற ஊரை அண்டி எடுக்கப்பட்டது. படைகளாக நடித்தவர்கள் அந்த மாநிலத்தின் தேசியக் காவற்படையைச் சேர்ந்த ஐந்நூறு பேரளவில். அவர்களே சாம்பல்நிறச் சீருடை அணிந்து ஒரு திசையிலும், நீலச் சீருடை அணிந்து எதிர்த்திசையிலும் ஓடினார்கள். துரத்தியவரும் ஓடியவரும் ஒரே ஆட்கள். கீற்றன் இதைச் செலவுக் கணக்காகவே சொல்லியிருக்கிறார். இதை நான் சொன்னபோது மாணவன் ஒருவன், “சேர், அப்ப ஆரை ஆர் சுட்டது?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தார்.

ஓய்வுபெற்ற சாரதி ஐயாவை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 1990 இலே யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றுபோகும்வரை வடபாதையில் ஓடியவர். பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போனதைக் கண்ணாற் பார்த்தவர். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நிலையத்துக்குப் போய் நின்றவர். படம் ஓடி முடியும்வரை அவர் ஒரு தடவையும் சிரிக்கவில்லை. நான் மனம் தளர்ந்துபோய், “ஐயா, பிடிக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“ஆர் சொன்னது? மாஸ்ரர், உவன் நடிக்க வந்தவன் இல்லை, வேலை தெரிஞ்சவன். அந்தத் தண்டிலை இருந்து போனானே, சில்லு ஒருக்கால் வழுக்கிச் சுத்தியிருந்தால் ஆள் முடிஞ்சுது. நான் அதைப் பாத்துக்கொண்டிருக்கேக்கை எனக்கு எங்கை சிரிப்பு வாறது?” என்றார். அச்சம் அவருக்கு, நகை மற்றவர்களுக்கு. ஒரே காட்சி.

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். படத்தின் உச்சக்கட்டத்திலே, துரத்திவரும் ‘ரெக்சஸ்’ எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும் பாலத்தில் ஏறுகிறது. பாலம் தாங்கும், போ என்று கட்டளையிட்ட தளபதி பார்த்துக்கொண்டிருக்கவே பாலம் முறிந்து எஞ்சின் ஆற்றிலே விழுகிறது. பொம்மை எஞ்சினல்ல, மெய்யான எஞ்சின். மௌனப்படக் காலத்திலேயே மிக அதிக செலவு பிடித்த காட்சி அதுதான் என்றும், 42,000 டொலர் போனதென்றும் சொல்வார்கள். பிள்ளைகள் அதற்குச் சிரிக்கவில்லை, வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். ஐயா கேட்டது அதைப் பற்றி.

“விழுந்த எஞ்சினைப் பேந்து எடுத்தவங்களோ?”

“கன வருசம் ஆத்துக்குள்ளையே கிடந்தது, ஐயா. சனம் போய்ப் பாக்கிற இடமாயும் இருந்தது. பேந்து இரண்டாம் உலக யுத்தம் வந்தவுடனை இரும்புக்கு எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள்.”

“யுத்தத்துக்கோ?”

“ஓம்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். படலையடியில் நின்று, அடுத்த கிழமையும் அதே படத்தைப் போடுவதானால் சொல்லி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.